எலியின் முன்நெற்றிப் புறணிச் சோதனைக்கு எந்த என்எம்டிஏ தடுப்பான்?

மூளையில் நியூரான்களைக் கிளர்த்தும் செய்திப்பொருளான குளூட்டமேட்டின் என்எம்டிஏ ஏற்பியை அடைத்தால் பிரீஃப்ரன்டல் கார்டெக்ஸ் எனப்படும் முன்நெற்றிப் புறணியில் மின்செயல் எப்படி மாறுகிறது, அங்கே செரோட்டோனின் என்கிற இன்னொரு செய்திப்பொருள் எவ்வளவு ஏறுகிறது என்று எலியில் அளக்க விரும்புபவர் முதலில் முடிவு செய்யவேண்டியது மருந்தை. பிசிபி என்கிற ஃபென்சைக்ளிடின், எம்கே-801 என்கிற டைசோசில்பின், கீட்டமின், மெமன்டின் என்று நாலு பெயர் முன்னால் நிற்கும். நாலுமே ஏற்பியின் அயனித் துளைக்குள் போய் உட்கார்ந்து அடைப்பவை. பாடப்புத்தகத்தில் ஒரே பத்தியில் வருவதால், கையில் எது இருக்கிறதோ அதைப் போட்டால் போதும் என்று தோன்றிவிடும். அப்படிச் செய்த சோதனைகளின் முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவராமல் போவதில் வியப்பே இல்லை.

எங்கள் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புறணியின் மின்செயல் குலைவதையும் செரோட்டோனின் ஏறுவதையும் சேர்த்துப் பார்க்க பிசிபி; உரிமம் கிடைக்காவிட்டால் எம்கே-801. மனச்சோர்வுச் சிகிச்சை தொடர்பான கேள்வி என்றால் கீட்டமின் மட்டும்தான். மெமன்டின் ஒப்பீட்டுக் குழுவுக்கு நல்லது, மற்ற மூன்றுக்கும் மாற்று ஆகாது.

அடைத்தால் அடங்கவேண்டியது ஏன் எகிறுகிறது

என்எம்டிஏ ஏற்பி நியூரானைக் கிளர்த்தும் ஏற்பி. அதை அடைத்தால் நியூரான் அடங்கவேண்டும். ஆனால் மருந்து உடல் முழுக்கப் பரவும்படி கொடுத்தால் புறணியில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. பார்சிலோனாவில் செலாடா, ஆர்டிகாஸ் குழுவினர் 2007-இல் வெளியிட்ட வேலை இதற்கு நல்ல அளவுகோல். மயக்கத்தில் இருந்த எலிக்கு ரத்தக்குழாய் வழியாக 0.25 மி.கி./கிலோ பிசிபி கொடுத்தபோது, பதிவு செய்த பிரமிட் நியூரான்களில் (புறணியின் முக்கியக் கிளர்த்தும் நியூரான்கள்) 45 சதவீதம் கூடுதலாகச் சுட்டன, அதாவது மின்துடிப்பு எழுப்பின, 33 சதவீதம் அடங்கின, மீதி அசையவில்லை. கூடவே 0.3 முதல் 4 ஹெர்ட்ஸ் வரையிலான மெதுவான அலைகளில் புறணி காட்டும் ஒத்திசைவு சரிந்தது. புறணியின் பிரமிட் நியூரான்களிலும், மூளையின் உள்ளே இருக்கும் தலாமஸின் நடுமையக் கருக்களிலும், நியூரான் கிளர்ந்ததற்கு அடையாளமான சி-ஃபாஸ் மரபணு கிளம்பியது.

இந்த 45-க்கு 33 என்ற பிரிவினையை மனதில் வைக்காமல் சோதனையைத் திட்டமிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பத்து நியூரான் பதிவு செய்தால் நாலைந்து ஏறும், மூன்று இறங்கும், இரண்டு மூன்று அப்படியே இருக்கும். பத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் மாற்றம் சின்னதாகத் தெரியும், சில நாள் ஒன்றுமே இல்லை என்றுகூட வரும். ஒவ்வொரு நியூரானையும் அதன் சொந்த அடிநிலையோடு ஒப்பிட்டு, முன்கூட்டியே எழுதிவைத்த வரம்பைக் கொண்டு ஏறியது, இறங்கியது, மாறாதது என்று பிரித்த பிறகே கணக்குக்குப் போகவேண்டும். வரம்பைத் தரவைப் பார்த்துவிட்டு வைக்கக்கூடாது.

ஏன் எகிறுகிறது என்பதற்கு வழக்கமான விளக்கம் தடை நீக்கம். மற்ற நியூரான்களை அடக்கும் செய்திப்பொருளான காபாவை வெளியிடும் வேகச்சுடும் இடைநியூரான்கள் என்எம்டிஏ ஏற்பியை அதிகம் நம்பியிருப்பவை. தடுப்பான் முதலில் அவற்றை அடக்குகிறது, அதனால் பிரமிட் நியூரானின் கடிவாளம் தளர்கிறது. விழித்திருக்கும் எலியில் எம்கே-801 கொடுத்து ஹோமாயூனும் மொகாதமும் 2007-இல் காட்டியது இதைத்தான்: இடைநியூரான்கள் முதலில் அடங்கின, பிரமிட் நியூரான்கள் சற்றுத் தாமதித்து ஏறின. அந்தத் தாமதம் முக்கியம். ஊசி போட்ட பத்தாவது நிமிடத்திலேயே பதிவை நிறுத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

ஆனால் அந்த இடைநியூரான் முன்நெற்றிப் புறணியிலேயே இருந்துதான் தீரவேண்டும் என்றில்லை. தலாமஸைச் சுற்றியிருக்கும் வலைக்கருவின் காபா நியூரான்களை பிசிபி அடக்குகிறது என்பதையும் பார்சிலோனா குழு காட்டியிருக்கிறது. கீழ் ஹிப்போகேம்பஸில் மட்டும் பிசிபியைச் செலுத்தினாலும் முன்நெற்றிப் புறணி கிளம்புகிறது. மாறாக, புறணிக்குள்ளேயே நேராகச் செலுத்தினால் அந்த நீடித்த கிளர்ச்சி வருவதில்லை. ஆக, மருந்தின் பெயருக்கு முன்னால் செலுத்தும் வழியை முடிவு செய்யவேண்டும். 'புறணியின் ஏற்பியை அடைத்தால் என்ன ஆகும்' என்பது ஒரு கேள்வி, 'மூளை முழுக்க அடைத்தால் புறணியில் என்ன ஆகும்' என்பது வேறு கேள்வி. மனித மனநோயோடு ஒப்பிட நினைப்பவர்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

செரோட்டோனின் தனிக் கணக்கு

உடல் வழியாகக் கொடுக்கும் பிசிபி, கீட்டமின், எம்கே-801 மூன்றும் முன்நெற்றிப் புறணியில் செரோட்டோனினை ஏற்றுகின்றன. மைக்ரோடயாலிசிஸ் என்பது மூளைக்குள் மெல்லிய சவ்வுக்குழாய் வைத்து அங்குள்ள வேதிப்பொருளை எடுத்து அளக்கும் முறை. எம்கே-801-ஐ அந்தக் குழாய் வழியாகப் புறணிக்குள் மட்டும் விட்டால் குளூட்டமேட்டும் ஏறுவதில்லை, செரோட்டோனினும் ஏறுவதில்லை.

பிரமிட் நியூரான் கிளம்பியது, அது நடுமூளையின் ராஃபே கருவைத் தூண்டியது, அங்கிருந்து செரோட்டோனின் வந்தது என்று நேர்கோடு போட ஆசையாக இருக்கும். கோடு அவ்வளவு நேர் இல்லை. நடுப்பக்க முன்நெற்றிப் புறணியை மின்சாரத்தால் தூண்டினால், முதுகுப்பக்க ராஃபேயின் செரோட்டோனின் நியூரான்களில் பெரும்பாலானவை முதலில் அடங்குகின்றன. காபாவும், 5-எச்டி1ஏ என்ற செரோட்டோனின் ஏற்பியும் இடையில் புகுந்து தடுக்கின்றன. சில நியூரான்கள்தான் கிளம்புகின்றன. கீட்டமினைப் பொறுத்தவரை ராஃபேயிலேயே ஒரு கண்ணி இருக்கிறது: அங்கே குளூட்டமேட்டின் இன்னொரு ஏற்பியான ஆம்பாவை அடைத்தால், கீட்டமினால் புறணியில் ஏறும் செரோட்டோனின் தணிகிறது.

இரண்டு அளவைகளும் வேறு வேறு என்பதற்குச் சரியான சாட்சி ஆன்டிசைக்காட்டிக் எனப்படும் மனநோய் மருந்துகள். மேலே சொன்ன பிசிபிச் சோதனையில் நியூரான் சுடுவதையும் மெதுவலையையும் ஹாலோபெரிடால், குளோசபின் இரண்டுமே பழைய நிலைக்குத் திருப்பின. செரோட்டோனினை அளந்தால் கதை மாறுகிறது. பிசிபி, கீட்டமின் ஏற்றிய செரோட்டோனினை குளோசபினும் ஓலன்சபினும் இறக்கின, ஹாலோபெரிடால் இறக்கவில்லை. எம்கே-801 ஏற்றிய குளூட்டமேட்டைக் குளோசபின், ஹாலோபெரிடால் இரண்டும் தணித்தன. செரோட்டோனினைக் குளோசபின் மட்டும்தான். எனவே செரோட்டோனின் ஏற்றத்தை மட்டும் அளந்துவிட்டு 'புறணி கிளர்ந்தது' என்று எழுத முடியாது. அந்தச் செரோட்டோனின் புறணிக்கு என்ன செய்கிறது என்பதும் அதன் அளவிலிருந்து தெரியாது. எலியின் முன்நெற்றிப் புறணியில் பாதிக்கு மேற்பட்ட பிரமிட் நியூரான்களில் அடக்கும் 5-எச்டி1ஏ ஏற்பியோ கிளர்த்தும் 5-எச்டி2ஏ ஏற்பியோ இருக்கிறது. பலவற்றில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

பிசிபி

1950-களில் மயக்க மருந்தாக வந்து, விழித்தெழும்போது மனக்குழப்பம் தருகிறது என்பதால் மனித மருத்துவத்தில் கைவிடப்பட்டது. ஆய்வில் அது தங்கிப்போனதற்குக் காரணமும் அதே மனக்குழப்பம்தான். மனிதர்களில் சிசோஃப்ரினியா என்கிற மனச்சிதைவை ஒத்த நிலையை அது உண்டாக்கியது என்ற பதிவு இருப்பதால், எலியில் கிடைக்கும் முடிவுக்குப் பொருள் சொல்ல ஒரு பிடி கிடைக்கிறது.

மயக்கத்தில் மின்பதிவுக்கு ரத்தக்குழாய் வழி 0.25 மி.கி./கிலோ, விழித்திருக்கும் எலியில் மைக்ரோடயாலிசிஸுக்குத் தோலடி ஊசியாக 5 மி.கி./கிலோ என்பது வழக்கம். ஏற்பியோடு ஒட்டும் வலு பல பத்து நானோமோலார் அளவில் இருக்கிறது (எண் சிறிதானால் வலு அதிகம்). எம்கே-801-க்குக் கீழே, கீட்டமினுக்கு மேலே. குறை என்னவென்றால் அது சுத்தமான மருந்து இல்லை. மைக்ரோமோலார் அளவில் செரோட்டோனினைத் திரும்ப உறிஞ்சும் கடத்தியையும் தடுக்கும். உடல் வழி டோஸில் இது பெரிய சிக்கல் இல்லை. ஆனால் டயாலிசிஸ் குழாய் வழியாக 100 மைக்ரோமோலாருக்கு மேல் புறணிக்குள் விடுபவர், தான் பார்க்கும் செரோட்டோனின் ஏற்றம் என்எம்டிஏ ஏற்பியால் வந்ததா கடத்தியால் வந்ததா என்று பிரித்துச் சொல்லியாகவேண்டும்.

எம்கே-801

நாலில் மிக வலுவானது, சில நானோமோலாரிலேயே ஒட்டும். ஏற்பி திறந்திருக்கும்போது உள்ளே நுழைந்து, மூடிய பிறகும் வெளியே வராது. மூளைத்துண்டில் போட்டால் கழுவி எடுக்கவே முடியாது என்று வைத்துக்கொள்ளலாம். விளைவு சில மணி நேரம் நீடிக்கும் என்பதால் 20 நிமிடத்துக்கு ஒரு கூறு (மாதிரி) எடுக்கும் மைக்ரோடயாலிசிஸுக்கு வசதி. மின்பதிவுக்கு அதே குணம் செலவு: மயக்க எலியில் ஒற்றை எலக்ட்ரோடு வைத்தால் ஒரு எலிக்கு ஒரு நியூரான்தான். முதல் நியூரானை முடித்துவிட்டு எலக்ட்ரோடை நகர்த்தி இரண்டாவதற்குப் போனால், அந்த எலி ஏற்கெனவே மருந்துக்குள் இருக்கிறது. அடிநிலை என்று ஒன்று அதற்கு இல்லை. பல நியூரான் வேண்டுமானால் நாலு கம்பி சேர்ந்த எலக்ட்ரோடான டெட்ரோடு வைக்கவேண்டும்.

டோஸ் விஷயத்தில் எம்கே-801 மன்னிக்காது. வயிற்றறை ஊசியாக 0.1 முதல் 0.2 மி.கி./கிலோவில் எலி ஓடியாடும். 0.5-இல் தள்ளாடும், தலையை ஆட்டிக்கொண்டே வட்டமடிக்கும், டயாலிசிஸ் குழாயை முறுக்கி இழுத்துவிடும். எதிரெடை வைத்த தாங்குகோலும், குழாய் முறுக்காமல் தடையின்றிச் சுழலும் ஸ்விவல் இணைப்பும் இல்லாமல் இந்த டோஸுக்குப் போகவேண்டாம்.

இங்கே உப்புக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. ஆய்வுக்கட்டுரைகளில் டோஸ் ஒத்துவராததற்குப் பாதிக் காரணம் இதுதான். குப்பியில் வருவது ஹைட்ரஜன் மேலியேட் உப்பு, மூலக்கூறு எடை 337.4. உப்பாக்காத மருந்து, அதாவது காரம் மட்டும், 221.3. ஒரு மில்லிகிராம் காரம் வேண்டுமென்றால் 1.52 மி.கி. உப்பு நிறுக்கவேண்டும். காரக் கணக்கில் எழுதிய டோஸை உப்பாக நிறுத்துவிட்டால் எலிக்கு 34 சதவீதம் குறைவாகப் போகும். 0.2 மி.கி./கிலோ (காரம்), ஊசி அளவு 1 மி.லி./கிலோ என்று எடுத்துக்கொண்டால், கரைசலில் மில்லிலிட்டருக்கு 0.305 மி.கி. உப்பு இருக்கவேண்டும், 300 கிராம் எலிக்கு 0.3 மி.லி. பத்து மில்லிலிட்டர் நேராகத் தயாரிக்க 3.05 மி.கி. நிறுக்கவேண்டி வரும், 0.1 மி.கி. வரை காட்டும் தராசில் அது நம்பத்தக்க எடை இல்லை. 15.2 மி.கி. உப்பைப் பத்து மில்லிலிட்டர் உப்புநீரில் வெதுவெதுப்பாக்கிக் கரைத்து, அதில் ஒரு பங்குக்கு நாலு பங்கு உப்புநீர் சேர்ப்பது மேல். அளவேட்டில் 'காரமாக' அல்லது 'உப்பாக' என்று ஒரு சொல் எழுதிவிட்டால் அடுத்து வருபவர் பிழைத்துக்கொள்வார்.

பெண் எலிகளில் எம்கே-801 மூளையில் அதிக அளவில் சேர்கிறது. ஆணுக்கு வைத்த டோஸில் பெண் எலி கீழே சாய்ந்துவிடும். இரு பாலிலும் செய்வதானால் டோஸைத் தனித்தனியாகப் பார்த்துவைக்கவேண்டும். இன்னொன்று, ஓல்னி 1989-இல் காட்டியது: பிசிபி, எம்கே-801, கீட்டமின் மூன்றும் ஒரே டோஸிலேயே எலியின் பின்சிங்குலேட், ரெட்ரோஸ்ப்ளீனியல் புறணி நியூரான்களில் குமிழ்களை உண்டாக்கக்கூடும். அதிலும் பெண் எலிகளே எளிதில் பாதிக்கப்படுகின்றன. நாள்கணக்கில் திரும்பத் திரும்பக் கொடுக்கும் திட்டத்தில் அந்தப் பகுதியைத் துண்டுபோட்டுப் பார்ப்பதைச் சேர்க்காமல் விடக்கூடாது.

கீட்டமின்

மனிதனிடமும் எலியிடமும் ஒரே மருந்தைக் கொடுத்து மனநோய் ஒத்த விளைவை இன்று ஒப்பிட முடிவது நாலில் இதில் மட்டும்தான். 1994-இல் கிரிஸ்டல் குழுவினர் ஆரோக்கியமானவர்களுக்கு 40 நிமிடத்தில் 0.5 மி.கி./கிலோ செலுத்தி மனநோய் ஒத்த அறிகுறிகளைப் பதிவு செய்தார்கள். 2000-இல் அதே அளவு மனச்சோர்வுக்குச் சோதிக்கப்பட்டது. 2019 மார்ச்சில் அமெரிக்காவில் மூக்கு வழி எஸ்கீட்டமினுக்கு அனுமதி கிடைத்தது. மெத்தனமான கேள்விக்கும் இந்த மருந்து ஏதாவது ஒரு பதில் தந்துவிடும் என்பதுதான் இதில் ஆபத்து.

காரணம், டோஸுக்கும் விளைவுக்கும் உள்ள உறவு நேர்கோடு இல்லை. மொகாதம் குழு 1997-இல் விழித்திருக்கும் எலியில் அளந்தபோது 10, 20, 30 மி.கி./கிலோவில் முன்நெற்றிப் புறணியின் குளூட்டமேட் ஏறியது, 50-இல் அசையவில்லை, மயக்கம் தரும் 200-இல் இறங்கியது. ஆக, 'கூடக் கொடுத்தால் கூட ஏறும்' என்று 50-க்குப் போனவர் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிவிடுவார். செரோட்டோனின் ஏற்றத்துக்கு 25 மி.கி./கிலோ பழகிய அளவு. மனச்சோர்வு ஆய்வில் 10 மி.கி./கிலோ, உடற்பரப்புக் கணக்கில் 6.2-ஆல் வகுத்தால் மனிதனுக்கு 1.6 மி.கி./கிலோ ஆகிறது. மருத்துவமனையில் கொடுக்கும் 0.5-ஐவிட மூன்று மடங்கு அதிகம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஒப்பிடவேண்டும்.

எலியில் கீட்டமின் வேகமாகக் கழிந்துபோகும். 20 நிமிடக் கூறு எடுத்தால் கடும் விளைவு இரண்டு மூன்று கூறுகளுக்குள் முடிந்துவிடும். 10 நிமிடக் கூறாகக் குறைத்தால் நேரத்தில் துல்லியம் கிடைக்கும், ஆனால் கையில் வருவது 15 மைக்ரோலிட்டர்தான். கூறிலுள்ள வேதிப்பொருளைப் பிரித்தளக்கும் எச்பிஎல்சி கருவியின் உணர்திறன் அதற்குத் தாங்கவேண்டும். மனச்சோர்வுக் கேள்வியில் முக்கியமான நேரம் அதுவே அல்ல, 24 மணி நேரம் கழித்து. மருந்து கழிந்த பிறகும் 10 மி.கி./கிலோ வாங்கிய பால்ப்/சி இனச் சுண்டெலிகளின் முன்நெற்றிப் புறணியில் செரோட்டோனின் உயர்ந்தே இருந்திருக்கிறது. பாரா-குளோரோஃபினைல்அலனின் கொடுத்துச் செரோட்டோனினை வற்றவைத்தால் மனச்சோர்வு மருந்துகளை மதிப்பிடும் நீச்சல் சோதனையில் கீட்டமினின் விளைவு போய்விடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், செரோட்டோனின் இங்கே வேடிக்கை பார்க்கவில்லை என்பது புரியும். எம்கே-801-ஐக் கொண்டு இந்த நீடித்த விளைவை நம்பகமாகப் பெற முடிவதில்லை. கீட்டமினுக்கு மாற்றாக அதைப் போடக்கூடாது என்பதற்கு அது ஒன்றே போதும்.

குப்பியைப் பற்றி இரண்டு சங்கதி. மருத்துவக் குப்பியில் 'மில்லிலிட்டருக்கு 50 மி.கி.' என்று எழுதியிருப்பது காரக் கணக்கு. வேதிப்பொருள் நிறுவனத்தில் வாங்கும் தூள் ஹைட்ரோகுளோரைடு, 15 சதவீதம் கூடுதலாக நிறுக்கவேண்டும். மருத்துவக் குப்பியில் பதனப்பொருளாக பென்செத்தோனியம் குளோரைடு சேர்ப்பது வழக்கம். அது தானே நிக்கோட்டினிக் ஏற்பியைத் தடுக்கும். உடல் வழிக்கு அதைப் பயன்படுத்தலாம், மூளைக்குள் நேராகச் செலுத்த ஒருபோதும் கூடாது.

மெமன்டினும் மற்றவையும்

மெமன்டின் உள்ளே நுழைவதும் வேகம், வெளியேறுவதும் வேகம். ஏற்பி மூடும்போது அதன் ஒரு பங்குதான் உள்ளே சிக்குகிறது. உடலில் உள்ள அளவு மக்னீசியம் இருக்கும்போது, ஓய்வுநிலையில் கீட்டமின் அடைக்கும் ஏற்பிகளை மெமன்டின் அதே அளவு அடைப்பதில்லை. மனச்சோர்வுக்குச் செய்த கட்டுப்பாட்டுச் சோதனையில் அது கைகொடுக்கவில்லை. அல்சைமர் நோயாளிகள் மாதக்கணக்கில் மனக்குழப்பம் இல்லாமல் விழுங்கும் மருந்தை, மனக்குழப்ப மாதிரிக்காக எலிக்குக் கொடுப்பதில் என்ன பொருள்? ஆனால் 'துளையை அடைத்தாலே இது நடக்குமா, அடைக்கும் விதத்தாலா' என்று கேட்பவருக்கு மெமன்டின் குழு இல்லாமல் பதில் வராது.

என்எம்டிஏ ஏற்பியின் ஜிஎல்யுஎன்2பி என்ற உட்பகுதியை மட்டும் தடுக்கும் ரோ 25-6981 போன்றவை அடுத்த கட்டக் கேள்விக்கு உரியவை. முதல் சோதனைக்கு வேண்டாம்.

மருந்தைவிட அதிகம் கெடுப்பவை

தலையில் குழாய் பொருத்தும் அறுவைக்குப் பல விலங்குக் கூடங்களில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பது கீட்டமின்–சைலசின் கலவை. என்எம்டிஏ தடுப்பானைச் சோதிக்கப்போகும் எலிக்கு முந்தின நாள் மயக்க டோஸில் என்எம்டிஏ தடுப்பானையே கொடுத்துவிடுகிறோம்! கீட்டமினின் விளைவு 24 மணி நேரம் தாண்டியும் நிற்கும் என்பது தெரிந்த பிறகும் இது தொடர்கிறது. ஐசோஃப்ளூரேனோ பென்டோபார்பிட்டலோ போதும்.

மின்பதிவின்போது தரும் மயக்கமும் அப்படித்தான். மெதுவலை குலைவதைப் பார்க்க மயக்கம் தேவை, விழித்த எலியில் அந்த அலை அவ்வளவாக இல்லை. பார்சிலோனாக் குழு குளோரல் ஹைட்ரேட் பயன்படுத்தியது. இப்போது பல நெறிமுறைக் குழுக்கள் அதை விரும்புவதில்லை. யூரித்தேனும் ஐசோஃப்ளூரேனும் என்எம்டிஏ ஏற்பியை ஓரளவு தாமே தணிப்பவை, ஆகவே எதை எடுத்தாலும் எல்லாக் குழுவுக்கும் ஒரே ஆழத்தில் வைத்து, அதே மயக்கத்தில் உப்புநீர்க் குழு ஒன்று ஓட்டவேண்டும். விழித்த எலியில் செய்தால் மெதுவலையை விட்டுவிட்டு 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரையிலான வேகமான காமா அலையைப் பாருங்கள். கீட்டமினும் எம்கே-801-உம் அதைக் கூட்டும். இரண்டு நிலையின் முடிவுகளையும் ஒரே படத்தில் போடக்கூடாது.

மைக்ரோடயாலிசிஸுக்குப் பழகிய அமைப்பு இது: மண்டையோட்டு எலும்புகள் சேரும் குறிப்புள்ளியான பிரெக்மாவிலிருந்து முன்னே 3.2 மி.மீ., பக்கவாட்டில் 0.8, மூளையுறையிலிருந்து கீழே 6.0, சவ்வு நீளம் 4 மி.மீ.; ஓட்டம் நிமிடத்துக்கு 1.5 மைக்ரோலிட்டர். குழாயில் ஓடும் நீர்மத்தில் மில்லிமோலார் கணக்கில் சோடியம் குளோரைடு 125, பொட்டாசியம் குளோரைடு 2.5, மக்னீசியம் குளோரைடு 1.18, கால்சியம் குளோரைடு 1.26. செரோட்டோனின் கூறு விழும் குப்பியில் முன்கூட்டியே 5 மைக்ரோலிட்டர் 10 மில்லிமோலார் பெர்குளோரிக் அமிலம் விட்டுவைத்தால் சிதையாது. நாலு மில்லிமீட்டர் சவ்வு சிங்குலேட், பிரீலிம்பிக், இன்ஃப்ராலிம்பிக் என்கிற புறணிப் பகுதிகள் மூன்றையும் தொட்டுப்போகும். அவற்றைத் தனித்தனியாகச் சொல்ல விரும்பினால் 2 மி.மீ. வேண்டும், அப்போது கிடைக்கும் செரோட்டோனின் குறையும். நேரத்தைக் குறிக்கும்போது குழாயின் உள்ளளவைக் கழிக்க மறப்பவர்கள் நிறைய. 10 செ.மீ.க்கு 1.2 மைக்ரோலிட்டர் பிடிக்கும் குழாய் 60 செ.மீ. இருந்தால் 7.2 மைக்ரோலிட்டர், அதாவது கிட்டத்தட்ட ஐந்து நிமிடத் தாமதம்.

செரோட்டோனின் கடத்தியைத் தடுக்கும் சிட்டலோபிராம் மருந்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது இந்த அமைப்பின் உண்மையான முடிவு. நீர்மத்தில் 1 மைக்ரோமோலார் சேர்த்தால் செரோட்டோனின் பலமடங்கு ஏறி, சாதாரண எச்பிஎல்சியும் எளிதாகப் பிடிக்கும். கடத்தி ஏற்கெனவே அடைபட்டுவிட்டதால், பிசிபி அல்லது கீட்டமின் கடத்தியைத் தடுத்து ஏற்றக்கூடிய பங்கு அதில் தெரியாது. மிஞ்சும் ஏற்றம் வெளியீடு கூடியதால் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். வெளியீட்டைத்தான் அறிய விரும்புகிறீர்கள் என்றால் இது நன்மை. உடலில் உண்மையில் எவ்வளவு செரோட்டோனின் நிற்கிறது என்று அறிய விரும்பினால் இது திரை. வசதி இருப்பவர்கள் நாலைந்து எலியிலாவது சிட்டலோபிராம் இல்லாமலும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. குளூட்டமேட்டைப் பொறுத்தவரை, டயாலிசிஸில் வருவதில் பெரும்பங்கு நரம்புமுனையிலிருந்து வந்ததல்ல. அடிநிலை அளவை வைத்து எதுவும் சொல்லாமல் மாற்றத்தை மட்டும் சொல்லுங்கள்.

ஊசி குத்துவதே செரோட்டோனினை அசைக்கும். எலியைத் தூக்காமல் கொடுக்க முன்கூட்டியே தோலடியில் மெல்லிய குழாய் வைத்துவிட்டால், உப்புநீர்க் குழுவின் கோடு தட்டையாக வரும். அது தட்டையாக வராத நாளின் தரவை மருந்துக் குழுவிலும் நம்பமுடியாது.

கையில் கிடைப்பதும் கிடைக்காததும்

பிசிபி 1971 ஐ.நா. மனமருட்சிப் பொருள் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது; ஆய்வுக்கு வாங்குவதற்கான அனுமதி மாதங்களைத் தின்னும். கீட்டமின் அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தின் கீழும், 2013 முதல் மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் வந்துவிட்டது. பூட்டிய அலமாரி, பதிவேடு, ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் கணக்கு. விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எல்லா மருந்துக்கும் பொது.

ஒரே ஒரு சோதனைக்குத்தான் பணமும் எலியும் இருக்கிறது, பிசிபி உரிமம் இல்லை என்றால் எங்கள் பரிந்துரை இது. ஆண் எலி, ஐசோஃப்ளூரேனில் குழாய் பொருத்தி ஒரு நாள் இளைப்பாற விட்டு, சிட்டலோபிராம் சேர்த்த நீர்மத்தில் நாலு அடிநிலைக் கூறு. பிறகு எம்கே-801 தோலடியாகவோ வயிற்றறையிலோ, முன்சோதனையில் எலி தள்ளாடாமல் செரோட்டோனின் ஏறும் மிகச் சிறிய டோஸில். ஐந்து குழுக்கள்: உப்புநீர் மட்டும், எம்கே-801 மட்டும், எம்கே-801-உடன் குளோசபின், எம்கே-801-உடன் ஹாலோபெரிடால், மெமன்டின். எலிகள் மிஞ்சினால் குளோசபின் மட்டும், ஹாலோபெரிடால் மட்டும் என்று இரண்டு சிறு குழுக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; அவை தாமே அடிநிலையை எவ்வளவு நகர்த்துகின்றன என்பது தெரியாவிட்டால் 'தணித்தது' என்ற சொல்லை எழுத முடியாது. ஒரே கூறைப் பிரித்துக் குளூட்டமேட்டும் செரோட்டோனினும் இரண்டும் அளக்கவேண்டும். ஹாலோபெரிடால் குழுவில் குளூட்டமேட் இறங்கி, செரோட்டோனின் ஏறியபடியே நின்றால் அமைப்பு சரியாக வேலை செய்கிறது. அதன் பிறகே புதிய மருந்தை அதில் வைத்துச் சோதிக்கலாம்.